பச்சை விளக்கு மேடம்

பயந்த முகம் என்றால் அவருக்கு ஆகாது. எதிரில் இருப்பது கைக்குழந்தையோ, பல் போன கிழவியோ, அந்த முகம் தெளிகிற வரை அவர் இடத்தை விட்டு நகரமாட்டார். "ஒண்ணும் ஆவாது, நான் இருக்கேன்ல" என்பார். சொல்லும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கையை நம் முழங்கை மேல் வைப்பார். கதகதப்பான கை. இப்போதும் யாராவது என் முழங்கையைத் தொட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரை எனக்குத் தெரியும் என்று கம்பெனி பஸ்ஸில் பெருமையடித்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு, அதை நினைத்தாலே வயிறு எரிகிறது. ஊரில் எல்லாரும் மேடம் என்றார்கள், நானும் மேடம் என்றேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் ஊர் திருவிடந்தைக்கு மேற்கே, கால்வாய்க்கு இந்தப் பக்கம். கிழக்கே போனால் ஈசிஆர், ரிசார்ட்டுகள், கடல். மேற்கே போனால் திருப்போரூர், அங்கே கம்பெனி பஸ் வந்து நிற்கும். நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வண்டி உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். என் தங்கை கிரேஸ் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலை. அவள் புருஷன் டேவிட் ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு கிழக்குப் பக்கம்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம். அங்கே போக வேண்டுமென்றால் கால்வாய் மேல் இருந்த பழைய பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பாலத்துக்கென்று எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்தில் ஏரிகள் நிரம்பி கால்வாய்த் தண்ணீர் செம்மண் நிறமாகி நுரைக்க ஆரம்பித்தால், ஆட்டோ பாலத்து வாயில் நின்றுவிடும். எல்லாரும் இறங்கிவிடுவோம். டிரைவர் மட்டும் காலி வண்டியை அக்கரைக்கு ஓட்டிப் போவார். நாங்கள் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நடந்து போய் மறுபடி ஏறிக்கொள்வோம். கல்யாணப் புடவை கட்டியிருந்தாலும் விதிவிலக்கு கிடையாது. டேவிட் கோவளத்துக்காரன். கிரேஸைப் பெண் பார்க்க வந்த அன்று அவன் அம்மா, "நான் இன்னாத்துக்கு நடக்கணும்? பொண்ணு பாக்க வந்தனா, வேளாங்கண்ணிக்கு நடந்து போறனா?" என்று ஆட்டோவுக்குள் உட்கார்ந்தே சண்டை போட்டார். இறக்கி நடக்கவைத்துத்தான் ஊருக்குள் கூட்டி வந்தோம்.

மேடம் வந்தது ஒரு கோடையில். ஸ்கூட்டரில் செங்கல்பட்டிலிருந்து வருவார். அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு இந்தக் கரையோரத்துச் சின்னச் சின்னப் பாலங்களிலெல்லாம் சென்சார் பொருத்துகிற வேலை கிடைத்திருந்தது. முதல் நாள் நாலைந்து பேர் ஏணியும் கயிறுமாகப் பாலத்துக்கு அடியில் இறங்கினதும் ஊரில் புரளி கிளம்பிவிட்டது. பாலத்தை இடிக்கப் போகிறார்கள், பிறகு ஊரையே காலி பண்ணச் சொல்வார்கள் என்று. பெண்கள் எல்லாம் கூட்டமாகப் போனோம். அம்மாதான் முன்னால் நின்றாள்.

"இன்னாத்துக்கு வந்துகீறீங்க? பாலத்தத் தொட்டீங்கன்னா இங்கியே குந்திக்குவோம்" என்றாள்.

மேடம் ஏணியிலிருந்து இறங்கினார். தலையில் மஞ்சள் தொப்பி, சுடிதார் முழுக்கச் சேறு. அம்மாவின் முழங்கையில் கை வைத்தார். "ஆயா, பாலத்த இடிக்க வரல. பாலத்துக்குக் காவல் வைக்க வந்துருக்கேன். வா, காட்டறேன்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

ஒவ்வொன்றாகக் காட்டினார். உத்திரத்தின் அடியில் விரல் நகம் அளவு ஒரு பட்டை ஒட்டியிருந்தது, பாரம் ஏறும்போது உத்திரம் எவ்வளவு இழுபடுகிறது என்று அது சொல்லும். தூண் சாய்கிறதா என்று பார்க்க ஒரு டப்பா. தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, அடிமண்ணை அரிக்கிறதா என்று பார்க்க இன்னும் இரண்டு. எல்லாம் சேர்ந்து அக்கரையில் இருக்கிற கம்பத்துப் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். பெட்டிக்குள் சிம் கார்டு இருந்தது. கம்பத்தின் உச்சியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. சிவப்பு எரிந்தால் சைரனும் அடிக்கும்.

"எங்க வூட்டாண்டயே டவர் கெடைக்கல, பாலத்துக்கு மட்டும் கெடைக்குதா?" என்று அம்மா கேட்டாள். மேடம் சிரித்துச் சிரித்து ஏணி மேலேயே சாய்ந்துவிட்டார். அன்று மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அப்புறம் எப்போது பாலத்தைப் பார்க்க வந்தாலும் எங்கள் வீட்டுக்கு வராமல் போக மாட்டார். வந்தால் முதலில் கிரேஸைத்தான் தேடுவார். அவளுக்கும் அவர் மேல் அப்படி ஒரு ஒட்டுதல். கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி இருக்கிறேன், என்னிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வளாகத்தில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் முகத்தைச் சுளித்தார். அம்மா நடுங்கிப் போனாள். மேடம் அங்கே இருந்தார். நர்ஸ் வாயைத் திறப்பதற்குள், "பாரு ஆயா, என்னோடதவிட நல்லா கீது" என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏகத்துக்கும் இருக்கு, நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டினு போங்க" என்றார். அம்மா அன்று சாயங்காலமே சந்தோஷத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். அப்போது எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. எவ்வளவு நல்ல மனசு என்று நானே வாய் ஓயாமல் சொன்னேன்.

செங்கல்பட்டில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், ஏரிக்காற்று வருகிற மாடி வீடு. மேடத்தின் அப்பா படத்துக்கு மாலை போட்டிருந்தது. ரயில்வேயில் இருந்தவராம். மேடம் காபி போட உள்ளே போனபோது அவர் அம்மா என்னிடம் மெல்லச் சொன்னார்.

"புத்து நோய்ம்மா அவருக்கு. இவ அல்சர்னே சொல்லிகினு இருந்தா. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. மதுராந்தகத்துல அவரோட தங்கச்சி கீது, சண்ட போட்டுகினு ரொம்ப வருசமா பேச்சுவார்த்த இல்ல. போய்ப் பாக்கணும் பாக்கணும்னாரு. ஒடம்பு தேறட்டும் நைனா, அப்பால போலாம்னே இவ சொன்னா. அவரும் தேறிடும்னு நம்பிகினு இருந்தாரு. பாக்காமயே போயிட்டாரு."

அந்த அம்மா அதைக் குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. அப்பனை ஒரு நாள் கூடப் பயப்பட விடாத மகள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது கண் கலங்கினது கூட உண்டு. அந்தத் தங்கச்சியைப் பற்றி அன்று எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை.

பாலத்துக்கு வருகிறேன். பெட்டி வைத்த புதிதில் சைரன் எங்களைப் படுத்தின பாடு கொஞ்சமில்லை. ரிசார்ட்டுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் டேங்கர் லாரி போனால் அடிக்கும். கடல் காற்று பலமாக வீசினால் அடிக்கும். தூங்குகிற பிள்ளைகள் அலறும், நாய்கள் ஊளையிடும். "இது இன்னாமே பேஜாரு, பாலம் வுழுந்தாக்கூட இவ்ளோ சத்தம் கேக்காது" என்று டேவிட் சலித்துக்கொள்வான். ஊர்க்காரர்கள் மேடத்திடம் சொன்னார்கள், சைரன் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கள் என்று. விளக்கை எதுவும் செய்யச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சிவப்பு விழுந்து, அணையவே இல்லை. பிள்ளைகள் அந்தக் கரையில், தாய்மார்கள் இந்தக் கரையில். சைரன் விடாமல் அடிக்கிறது. சின்னதுகள் எல்லாம் பையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், இங்கே அவர்களைப் பார்த்து இவர்கள் அழுகிறார்கள். தகவல் கிடைத்து மேடம் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். அந்தக் காட்சியைப் பார்த்து அவர் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு ஓடினார். அக்கரைக்குப் போய் இரண்டு இரண்டு பேராகக் கையைப் பிடித்துப் பாலத்தில் நடத்திக் கூட்டிவந்தார். வருகிற வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். இந்தக் கரை வரும்போது பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்து கம்பத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். சைரனையே கழற்றிவிட்டார், இனி விளக்கு மட்டும் போதும் என்றார். அதற்குப் பிறகு அந்தக் கம்பத்தில் சிவப்பு விழுந்ததே இல்லை. டேங்கர் போனாலும் பச்சை, புயல் காற்று அடித்தாலும் பச்சை.

எனக்கு மட்டும் லேசாக உறுத்தியது. என் வேலை அப்படி. எங்கள் தொழிற்சாலையில் அளவு பார்க்கிற கருவி ஒன்று உண்டு. சாமான் அளவுக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. சிவப்பு அடிக்கடி எரிந்து உற்பத்தி கெட்டுப்போனால், சில சூப்பர்வைசர்கள் மெஷினைச் சரி பண்ண மாட்டார்கள், கருவியில் லிமிட்டைத் தளர்த்திவிடுவார்கள். உடனே எல்லாம் பச்சையாகிவிடும். சாமான் மட்டும் அதே சாமான்.

அதனால் சாப்பிடும்போது மேடத்திடம் நேராகவே கேட்டேன். "லிமிட்டத் தளர்த்திட்டீங்களா மேடம்?"

"சேச்சே" என்றார். மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "புரோகிராம்ல ஒரு சின்னத் தப்பு இருந்துச்சு. லாரி போற அதிர்வு எது, பாலம் கெடற அதிர்வு எதுன்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. இப்பக் கத்துக் குடுத்துட்டேன். நிம்மதியா இருங்க."

"எங்கக்காவுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் மேடம். நீங்க சாப்புடுங்க" என்று கிரேஸ் அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

அந்த வருஷம் மழை வந்தபோது நாங்கள் வழக்கம்போல ஆட்டோவை விட்டு இறங்கினோம். மேடம் அன்று பாலத்தைப் பார்வையிட வந்திருந்தார். நனைந்துகொண்டு நடக்கிற எங்களைப் பார்த்து, "பச்சைதான எரியுது? இன்னும் எதுக்கு நனையறீங்க? அவ்ளோ பேர் ஒழைச்சு வெச்சது எதுக்கு?" என்று கேட்டார். கேலி இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அப்புறம் டேவிட்டின் ஆட்டோவில் அவரே ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினார். முதலில் போய் ஏறினது கிரேஸ்தான். அக்கரைக்குப் போய்த் திரும்பியும் வந்தார்கள். மழை இன்னும் ஓய்ந்தபாடில்லை, ஊரே கை தட்டினது.

அத்தோடு எங்கள் வழக்கம் நின்றுபோனது. அம்மா மட்டும் கொஞ்ச காலம் இறங்கி நடந்தாள். எல்லாரும் கிண்டல் செய்தார்கள், அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்த ஐப்பசியில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது. அன்று நான் தொழிற்சாலையில் இருந்தேன். மதியத்துக்கு மேல் ரிசார்ட்டில் வேலை இருந்ததால் டேவிட் கிரேஸைக் கொண்டுபோய் விடக் கிளம்பினான். வேறு சவாரி இல்லை. சாரல் அடிக்காமல் இருக்க ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டிருந்தான். உள்ளே உட்கார்ந்தவளுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பாலத்து வாயில் தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டு, "நான் எறங்கி நடக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். "பச்சதாண்டி எரியுது, குந்து" என்று அவன் சொல்லியிருக்கிறான்.

அக்கரையில் பாலம் முடிந்து சாலை தொடங்குகிற இடத்தில், அடிமண் முழுவதையும் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. மேலே தார் மட்டும்தான் இருந்திருக்கிறது. ஆட்டோ ஏறினதும் அது உள்வாங்கிவிட்டது. கரையும் கம்பமும் விளக்கும் எல்லாம் சேர்ந்து சரிந்தன. டேவிட் தூக்கி எறியப்பட்டான். கிரேஸின் வலது கால் ஆட்டோவுக்கும் இடிந்த சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மீன் பிடிக்கிறவர்கள் ஓடிவந்து அவளை வெளியே எடுத்தார்கள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அவளுக்கு நினைவு திரும்புவதற்கு முன்பே டேவிட் மேல் வழக்கு போட்டுவிட்டார்கள். பாலம் சரிகிற நேரத்தில் சிவப்புதானே எரிந்திருக்கும், சிவப்பு எரியும்போது வண்டியை ஓட்டினான் என்று. பார்த்த சாட்சி யாருமில்லை. அந்த மழையில் வெளியே யார் நிற்பார்கள்? கம்பமும் தண்ணீரோடு போய்விட்டது. டேவிட் ஆஸ்பத்திரி வாசலில் என் காலைப் பிடிக்காத குறை.

"பச்சதாங்க்கா எரிஞ்சிது. எம்பொண்டாட்டிய வெச்சிகினு செவப்புல போவனா? மேடம் வந்து பச்சன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

மேடம் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் வீடு பக்கம்தானே. ரசம் சாதம் கொண்டுவந்து கிரேஸுக்கு ஊட்டினார். சிக்கு விழுந்த தலையை வாரிப் பின்னிவிட்டார். கால் இல்லாததை முதல் முதலாகப் பார்த்து அவள் அலறினபோது நாங்கள் எல்லாரும் வெளியே ஓடி அழுதோம், மேடம் ஒருவர்தான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தார். டேவிட்டிடம், "நான் பாத்துக்கறேன் டேவிட், ஒண்ணும் ஆவாது" என்றார். எத்தனை முறை சொல்லியிருப்பார். நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

விசாரணை திருப்போரூரில் ஒரு அலுவலகத்தில் நடந்தது. அதிகாரி, மேடத்தின் மேலாளர், போலீஸ்காரர் ஒருவர், நாங்கள். டேவிட் கட்டுப் போட்ட கையோடு நின்றான். மேடம் உள்ளே வரும்போது அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவன் முகம் மலர்ந்தது. அதிகாரி கேட்டார், விபத்து நேரத்தில் விளக்கு என்ன நிறம் என்று.

"செவப்பு எரிஞ்சிருக்கு சார்" என்றார் மேடம்.

அவர் அத்தோடு நிறுத்தவும் இல்லை. "டிரைவர் மேல தப்பு சொல்ல வரல சார். அந்த மழையில கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். நம்பவைத்துக் கழுத்தை அறுக்கிறபோதும் அவனுக்கு ஆறுதல் சொன்னார்.

வெளியே வந்ததும் ஸ்கூட்டரைக் கிளப்ப விடாமல் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். டீக்கடைக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"இன்னா கலர் மேடம் எரிஞ்சிது? ஏசு மேல ஆணையா சொல்லுங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். என் முழங்கையில் கை வைத்தார். நான் தட்டிவிட்டேன்.

"பச்சைதான்" என்றார், மெதுவாக. "அந்தப் புள்ளைங்க அழுத மறுநாள் லிமிட்ட ஏத்துனேன். கொஞ்ச நாளைக்குன்னுதான் ஏத்துனேன். எல்லாரும் நிம்மதியா இருந்தீங்க. அப்பறம் எறக்க மனசு வரல."

"இத உள்ள சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா என்ன ஆவும் தெரியுமா? இந்தக் கரையில எத்தினி பாலத்துல இதே பெட்டி இருக்கு? எல்லாப் பாலத்துலயும் சனங்க பயந்துடுவாங்க. பிடுங்கித் தூக்கிப் போட்டுடுவாங்க. அப்பறம் உண்மையா செவப்பு எரிஞ்சாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நான் ஒவ்வொண்ணா சரி பண்ணிகினு வரேன். சத்தியமா."

சரி பண்ணியிருக்கவும் கூடும், எனக்குத் தெரியாது. அப்போது நான் கேட்டது ஒன்றுதான். "டேவிட்டு?"

"அவருக்குப் பெரிய தண்டனை எதுவும் வராது. நான் விசாரிச்சுட்டேன். பயப்படாதீங்க."

நான் அந்த நிமிடமே திரும்ப உள்ளே போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க டிரைவரோட கொழுந்தியாளோட அக்காவா?" என்று உறவைக் குழப்பினார். நான் அவன் மனைவியின் அக்கா என்று சொன்னேன். "அதான் சொல்றீங்க" என்றார். மேடத்தை மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்கள். இந்த அக்கா ரொம்ப மனசு உடைந்திருக்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள் சார் என்று எனக்காக அவரே பரிந்து பேசினாராம்.

டேவிட்டின் லைசென்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அவன் இப்போது முட்டுக்காடு பக்கம் ஒரு பண்ணை வீட்டில் வாட்ச்மேன். அதை எல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். கிரேஸைத்தான் அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

நான் அவளிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "உனுக்கு மேடத்த மொதல்லருந்தே புடிக்காதுக்கா. எனுக்கு சோறு ஊட்னவங்க பொய் சொல்வாங்களா?" என்றாள். மேடம் விடாமல் அவளுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். செயற்கைக் காலுக்கு ஏற்பாடு செய்தது, அதற்கு அளவு எடுக்கக் கூட்டிப்போனது எல்லாம் அவர்தான். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்.

யோசித்துப் பார்த்தால் கிரேஸுக்கு வேறு வழியும் இல்லை. இறங்கட்டுமா என்று அவள் கேட்டாள், பச்சை என்று ஒருவன் சொன்னான். பச்சை இல்லை என்று ஒருவர் சொல்கிறார். கால் போனவளுக்கு இரண்டு பேரில் ஒருவரைத்தான் நம்ப முடியும். டேவிட் பக்கத்தில் வந்தாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். "ஏன் பச்சன்னு சொன்ன?" என்று திடீர் திடீரென்று கேட்பாள். பச்சைதாண்டி எரிந்தது என்று அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு வெறி ஏறும். ஒருநாள் பாத்திரத்தை விட்டெறிந்தாள், அவன் நெற்றி பிளந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தோம். கிரேஸ் அந்தக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, தழும்பு பட்ட இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். டேவிட் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தான். அன்று அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உம்மேல எனுக்குக் கோவம் இல்லய்யா. நெசத்த மட்டும் சொல்லிடு. மனசுல வெச்சிகினு என்னால முடியல. செவப்புதான எரிஞ்சிது?"

டேவிட் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் அவள் காலைப் பார்த்தான்.

"ஆமா" என்றான். "செவப்புதான். நேரமாவுதேன்னு ஓட்டிட்டேன்."

கிரேஸ் பெருமூச்சு விட்டாள். அழுதாள். அவன் தலையில் கை வைத்தாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் அவனைத் தொட்டதை அன்றுதான் பார்த்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடத்துக்குப் போன் போட்டாள். கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மேடம், அவரே ஒத்துக்கினாரு மேடம். செவப்புதானாம். நீங்க சொன்னதுதான் நெசம்" என்றாள்.

எங்கோ தூரத்தில் ரயில் போகிற ஓசை மட்டும் போனில் கேட்டது. டேவிட் தலையைத் தூக்கிப் போனையே பார்த்தான். நானும் பார்த்தேன். என்ன இருந்தாலும் மனுஷிதானே, இப்போது சொல்லிவிடுவார் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

"நல்லதா போச்சு கிரேஸு" என்றார் மேடம். "இனிமே நீ நிம்மதியாத் தூங்குவ. சாப்டியாம்மா?"